கேச் நினைவகத்தின் எல்லை: அடையாளக் குறிகளும் சில்லுத் தொகுதிகளும் வகுத்த வரம்பு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு கணினியில் பொருத்தப்பட்ட முதன்மை நினைவகம் முழுவதும் கேச் நினைவகத்தின் பயனைப் பெறும் என்னும் பொதுக்கருத்து எல்லாக் கணினிகளுக்கும் பொருந்துவதன்று. 1990களின் பிற்பாதியில் புழங்கிய பென்டியம் வகைக் கணினிகள் பலவற்றில் முதல் 64 மெகாபைட்டுக்கு மேற்பட்ட நினைவகத்துக்கு இரண்டாம் நிலைக் கேச்சின் துணை கிட்டவில்லை. இந்த எல்லை கேச்சின் கொள்ளளவால் மட்டும் அமைவதன்று. ஒவ்வொரு கேச் வரியோடும் சேர்த்து வைக்கப்படும் அடையாளக் குறியின் நீளத்தாலும், அக்குறியைப் படிக்கும் சில்லுத் தொகுதியின் வடிவமைப்பாலும் அமைவது. இன்டெல் நிறுவனத்தின் 430 வரிசைச் சில்லுத் தொகுதிகளை முதன்மைச் சான்றாகக் கொண்டு இவ்வெல்லை தோன்றும் முறை, அதனால் விளைந்த வேகக் குறைவு, பின்வந்த செயலிகளில் எல்லை இடம்பெயர்ந்த வரலாறு ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: கேச் நினைவகம், அடையாளக் குறி, சில்லுத் தொகுதி, கேச் எல்லை, பென்டியம், நினைவக வகைப் பதிவேடு.

முன்னுரை

கணினி அமைப்பியல் கற்பிக்கும் பாடநூல்கள் கேச் நினைவகத்தைச் செயலிக்கும் முதன்மை நினைவகத்துக்கும் இடையில் நிற்கும் சிறிய, விரைவான நினைவகம் என்று அறிமுகம் செய்கின்றன. அடிக்கடி தேவைப்படும் தரவு அங்கே படியெடுத்து வைக்கப்படுகிறது. செயலி கேட்கும்போது உடனே கிடைக்கிறது. இவ்விளக்கத்தில் பிழை ஏதுமில்லை. ஆயினும் ஒரு வினா இதில் எழுப்பப்படாமலேயே போகிறது. கேச்சில் இருப்பது எந்த முகவரிக்கு உரிய தரவு என்பதைக் கேச் எவ்வாறு அறிகிறது? இவ்வினாவுக்கு விடை தேடும்போதுதான், கேச்சுக்கும் பார்வை எல்லை ஒன்று உண்டு என்பது புலப்படுகிறது.

சில்லுத் தொகுதி ஒன்று ஏற்கும் மிகுதியான நினைவக அளவும், அந்நினைவகத்தில் கேச் செய்யத்தக்க பகுதியின் அளவும் வெவ்வேறானவை. முதலாவது எண் விளம்பரங்களிலும் தாய்ப்பலகைக் கையேட்டின் முதற்பக்கத்திலும் இடம்பெற்றது. இரண்டாவது எண் தொழில்நுட்ப ஆவணங்களின் உட்பக்கங்களில் தங்கிவிட்டது. பணம் கொடுத்து நினைவகத்தைப் பெருக்கியவர் பலர் தம் கணினி முன்னிலும் மெதுவாக இயங்கக் கண்டு திகைத்ததற்கு இவ்விரண்டு எண்களுக்கும் இடையிலிருந்த இடைவெளியே காரணம். இக்கட்டுரையில் இரண்டாவது எண் ‘கேச் எல்லை’ என்று குறிக்கப்படுகிறது.

முகவரியின் மூன்று பகுதிகள்

முதல் பென்டியம் செயலி 1993ஆம் ஆண்டு வெளிவந்தது. அதனுள் கட்டளைகளுக்கு 8 கிலோபைட், தரவுக்கு 8 கிலோபைட் என முதல் நிலைக் கேச் இருந்தது. இரண்டாம் நிலைக் கேச் செயலிக்குள் இல்லை; தாய்ப்பலகையின் மேல் தனிச் சில்லுகளாகப் பொருத்தப்பட்டிருந்தது. அதனை ஆள்வது செயலியன்று, சில்லுத் தொகுதியே. இந்தப் பணிப்பகிர்வு பின்னர் வரும் செய்திகள் அனைத்துக்கும் அடிப்படையாகும்.

அக்காலத் தாய்ப்பலகைகளில் பெருவழக்காக இருந்த 256 கிலோபைட் கேச்சை எடுத்துக்கொள்ளலாம். அது நேர்ப்பொருத்த முறையில் அமைந்தது. அதாவது ஒவ்வொரு நினைவக முகவரிக்கும் கேச்சில் ஒரே ஓர் இடந்தான் உண்டு. கேச் 32 பைட் கொண்ட வரிகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. 256 கிலோபைட்டை 32 பைட்டால் வகுத்தால் 8192 வரிகள் கிடைக்கும். வரிக்குள் எந்தப் பைட் என்று காட்ட முகவரியின் கடைசி 5 பிட்டுகள் தேவை. எந்த வரி என்று காட்ட அடுத்த 13 பிட்டுகள் தேவை. ஆக, முகவரியின் கீழ் 18 பிட்டுகள் கேச்சில் இருப்பிடத்தைச் சுட்டுவதிலேயே செலவாகிவிடுகின்றன. எஞ்சிய மேல் பிட்டுகள்தாம் அவ்விடத்தில் இப்போது குடியிருப்பது யாருடைய தரவு என்பதைச் சொல்லவேண்டும். அவையே அடையாளக் குறி. அவற்றைச் சேமிக்கத் தனியே ஒரு சிறு நினைவகச் சில்லு உண்டு. வணிக வழக்கில் அதற்கு டேக் ரேம் என்று பெயர்.

தேர்வுக்கூடம் ஒன்றை எண்ணிப் பார்த்தால் இவ்வமைப்பு தெளிவாகும். அக்கூடத்தில் 00 முதல் 99 வரை நூறு இருக்கைகள் உள்ளன. தேர்வெண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் எவையோ அந்த இருக்கையில்தான் மாணவர் அமரவேண்டும். 237 என்ற எண்ணுடையவர் 37ஆம் இருக்கைக்கு வருவார். இருக்கையில் ஒட்டிய சீட்டில் எஞ்சிய முன்னிலக்கமான 2 எழுதப்படும். அச்சீட்டில் ஒரே ஒரு கட்டந்தான் உண்டு என்று கொள்வோம். அப்போது 1237 என்ற எண்ணுடையவர் வந்தால் அவருக்கும் அதே இருக்கை. சீட்டிலும் அதே 2. கண்காணிப்பாளரால் இருவரையும் பிரித்தறிய இயலாது. ஒருவரின் விடைத்தாள் மற்றவர் பெயரில் சேரும். இக்குழப்பத்தைத் தவிர்க்க ஒரே வழிதான் உண்டு: 999க்கு மேற்பட்ட தேர்வெண் உடையோரைக் கூடத்துக்குள் விடாமலிருப்பது. கூடத்தில் இடம் காலியாக இருக்கிறதா என்பது இங்கே பொருட்டன்று. சீட்டில் கட்டம் போதவில்லை என்பதே தடை.

கணினியில் நிகழ்வதும் இதுவே. அடையாளக் குறிக்கு 8 பிட்டுகள் ஒதுக்கப்பட்டால், 18உடன் 8 சேர்ந்து 26 பிட்டுகள். 26 பிட்டுகளால் சுட்டக்கூடிய முகவரிகள் 6,71,08,864. இது சரியாக 64 மெகாபைட். முதலாம் மெகாபைட்டின் முடிவில் தொடங்கும் முகவரிக்கும் 65ஆம் மெகாபைட்டின் முடிவில் தொடங்கும் முகவரிக்கும் கீழ் 26 பிட்டுகள் ஒன்றே. இரண்டையும் கேச் ஏற்குமானால் ஒன்றைக் கேட்கும் செயலிக்கு மற்றொன்றின் தரவு கிடைக்கும், கணினி நிலைகுலையும். எனவே 64 மெகாபைட்டுக்கு மேற்பட்ட முகவரிகளைச் சில்லுத் தொகுதி இரண்டாம் நிலைக் கேச்சுக்கு அனுப்புவதே இல்லை. கேச் எல்லை என்பது பிழையன்று, பிழை நேராமற் காக்கும் வேலி என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

கேச்சைப் பெருக்கினால் எல்லை பெருகுமா?

தேர்வுக்கூட உவமையின்படி இருக்கைகளை ஆயிரமாக்கினால் ஒரே கட்டம் கொண்ட சீட்டாலேயே 9999 வரை பிரித்தறியலாம். இதே கணக்கில், 512 கிலோபைட் நேர்ப்பொருத்தக் கேச்சுக்கு இருப்பிடம் சுட்ட 19 பிட்டுகள் செலவாகும். 8 பிட் குறியோடு சேர்த்து 27 பிட்டுகள், அதாவது 128 மெகாபைட். கேச்சை இரட்டித்தால் எல்லையும் இரட்டிக்கும் என்ற நம்பிக்கை பயனர்களிடையே பரவியதற்கு இக்கணக்கே வேர். வியா நிறுவனத்தின் எம்விபி3 சில்லுத் தொகுதி போன்றவற்றில் கேச் பெருகப் பெருக எல்லையும் விரிந்தது உண்மை.

ஆனால் இன்டெலின் 430விஎக்ஸ், 430டிஎக்ஸ் ஆகியவற்றில் அவ்வாறு நிகழவில்லை. 256 கிலோபைட் பொருத்தினாலும் 512 கிலோபைட் பொருத்தினாலும் எல்லை 64 மெகாபைட்டே. குறிச் சில்லில் இடம் மிஞ்சினாலும், அதற்கு மேற்பட்ட முகவரிகளைக் கேச்சுக்கு உரியவையாகச் சில்லுத் தொகுதி கருதுவதில்லை. ஆகவே ‘குறி நீளம் கூட்டல் இருப்பிட நீளம்’ என்னும் வாய்பாடு எல்லையின் உச்சத்தை மட்டுமே தரும். உண்மையான எல்லை அவ்வுச்சத்துக்குக் கீழேயும் இருக்கலாம். வகுப்பறையில் இவ்வாய்பாட்டைக் கற்பிப்போர் இந்த வேறுபாட்டையும் சேர்த்துச் சுட்டுதல் நன்று.

எல்லையைக் குறைக்கும் இன்னொரு காரணமும் உண்டு. கேச்சில் எழுதப்பட்ட புதிய தரவை முதன்மை நினைவகத்திலும் உடனுக்குடன் எழுதும் முறை ஒன்று. வரி வெளியேற்றப்படும்போது மட்டும் எழுதும் முறை மற்றொன்று. பின்னதில், வரி திருத்தப்பட்டதா இல்லையா என்று காட்ட வரிக்கு ஒரு பிட் தேவை. 486 காலத் தாய்ப்பலகைகள் சிலவற்றில் இந்தப் பிட்டுக்குத் தனிச் சில்லு இல்லாதபோது, 8 பிட் குறிச் சில்லிலேயே ஒரு பிட் எடுத்துக்கொள்ளப்பட்டது. குறிக்கு 7 பிட்டுகளே எஞ்சின; 256 கிலோபைட் கேச்சின் எல்லை 64இலிருந்து 32 மெகாபைட்டாகச் சுருங்கியது. எழுதும் முறையில் வேகத்தைப் பெற எல்லையில் பாதியைக் கொடுக்கவேண்டியிருந்தது. தொடக்க அமைப்புப் பட்டியலில் ‘7 பிட்’, ‘8 பிட்’ என்ற தெரிவு காணப்பட்டதன் பொருள் இதுவே. அதை மாற்றிப் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அதன் பொருள் விளங்கியிருக்கும் என்பது ஐயத்துக்குரியது.

430 வரிசையின் சான்று

430எஃப்எக்ஸ் 1995இல் வெளிவந்தது. அது 128 மெகாபைட் நினைவகத்தை ஏற்றது. கேச் எல்லை 64 மெகாபைட். 1996இல் இரண்டு தொகுதிகள் வந்தன. அலுவலகக் கணினிகளை நோக்கிய 430எச்எக்ஸ் 512 மெகாபைட் வரை ஏற்றது. இல்லக் கணினிகளை நோக்கிய 430விஎக்ஸ் 128 மெகாபைட் ஏற்று 64 மெகாபைட்டை மட்டும் கேச் செய்தது. 1997இல் வந்த 430டிஎக்ஸ் 256 மெகாபைட் ஏற்றது; கேச் எல்லை மீண்டும் 64 மெகாபைட். முழுமையாக நிரப்பப்பட்ட டிஎக்ஸ் கணினியில் நினைவகத்தின் முக்கால் பங்கு இரண்டாம் நிலைக் கேச்சின் பார்வைக்கு அப்பாற்பட்டது.

எச்எக்ஸ் தொகுதியின் வழி தனித்து நோக்கத்தக்கது. அதில் அடையாளக் குறியை 8 பிட்டிலிருந்து 11 பிட்டாக நீட்டிக்கொள்ள வசதி இருந்தது. 18உடன் 11 சேர்ந்தால் 29 பிட்டுகள்; அதாவது 512 மெகாபைட். அத்தொகுதி ஏற்கும் நினைவகம் முழுவதும் கேச்சுக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் இவ்வசதி தானாகக் கிடைப்பதன்று. கூடுதல் மூன்று பிட்டுகளுக்கு இரண்டாவது குறிச் சில்லு பொருத்தப்பட்டிருக்கவேண்டும். செலவைக் குறைக்க விரும்பிய தாய்ப்பலகை உற்பத்தியாளர் அதைப் பொருத்தாமல் விட்டால், எச்எக்ஸ் தொகுதியும் 64 மெகாபைட் எல்லைக்குள்ளேயே நிற்கும். ஒரே சில்லுத் தொகுதி, ஒரே செயலி, ஒரே அளவு கேச் கொண்ட இரண்டு கணினிகள் எல்லையில் எட்டு மடங்கு வேறுபட்டதற்குக் காரணம் ஒரு சிறு சில்லு இருந்ததும் இல்லாததுமே.

அச்சில்லின் அளவைக் கணக்கிட்டால் வியப்பு மிகும். 8192 வரிகளுக்கு 8 பிட் வீதம் குறி வைக்க 8 கிலோபைட் போதும். பென்டியத்தின் 32 பிட் முகவரிவெளியான 4 கிகாபைட் முழுவதையும் பிரித்தறிய 14 பிட்டுகள் வேண்டும். அதற்கு 14 கிலோபைட். கூடுதல் தேவை 6 கிலோபைட் மட்டுமே. 256 கிலோபைட் கேச்சோடு ஒப்பிட்டால் இது நூற்றுக்கு இரண்டரைக்கும் குறைவு. இருந்தும் அது ஏன் தவிர்க்கப்பட்டது? சந்தையில் கிடைத்த நிலைநினைவகச் சில்லுகள் 8 பிட் அகலம் உடையவை. ஒன்பதாவது பிட் வேண்டுமென்றால் இன்னொரு முழுச் சில்லு வாங்கவேண்டும். அதற்குப் பலகையில் இடம் வேண்டும். ஒவ்வொரு குறிப் பிட்டுக்கும் சில்லுத் தொகுதியில் ஒரு கால் வேண்டும். 1995இல் இல்லக் கணினிகள் 8 அல்லது 16 மெகாபைட் நினைவகத்தோடு விற்கப்பட்டன. அந்நிலையில் 64 மெகாபைட் என்பது தொலைவிலிருந்த எண்ணாகவே தோன்றியிருக்கும்.

இவ்விளக்கம் எஃப்எக்ஸ் தொகுதிக்குப் பொருந்தும். டிஎக்ஸ் தொகுதிக்குப் பொருந்துமா என்பது வேறு. ஓராண்டுக்கு முன்னரே எச்எக்ஸ் வழிகாட்டியிருந்தது. நினைவகத்தின் விலை 1996இல் பெரிதும் சரிந்து, 64 மெகாபைட் எட்டக்கூடிய அளவாகிக்கொண்டிருந்தது. டிஎக்ஸ் தொகுதி ஏற்கும் நினைவகமும் இருமடங்காக்கப்பட்டது. இவ்வளவுக்குப் பின்னும் கேச் எல்லையை மட்டும் அப்படியே விட்டதைத் தொழில்நுட்பத்தின் கட்டாயம் என்று கொள்ள இடமில்லை. மிகுதியான நினைவகம் வேண்டுவோர் பென்டியம் புரோ, பென்டியம் 2 ஆகியவற்றை நோக்கிச் செல்லட்டும் என்னும் சந்தைப் பிரிப்பின் விளைவாகவே அதனைக் கருதுதல் தகும். பின்னாளில் வந்தது முன்னதினும் மேம்பட்டதாகவே இருக்கும் என்ற எண்ணத்துக்கு 430டிஎக்ஸ் நல்ல எதிர்ச்சான்று.

எல்லைக்கு அப்பால் நேர்வது

எல்லைக்கு மேற்பட்ட நினைவகம் பயன்படாமற் போவதில்லை. நிரல்கள் அங்கே இயங்கும். தரவு அங்கே தங்கும். ஆயின், செயலிக்குள் கிட்டாத ஒவ்வொரு தேடலும் நேராக முதன்மை நினைவகத்துக்குச் செல்லவேண்டும். 430எஃப்எக்ஸ் தொகுதியில் இரண்டாம் நிலைக் கேச்சிலிருந்து ஒரு வரியைப் படிக்க 3-1-1-1 என்ற கணக்கில் 6 துடிப்புகள் ஆகும். இடிஓ வகை நினைவகத்திலிருந்து, தேடும் பக்கம் ஏற்கெனவே திறந்திருந்தாலுங்கூட, 7-2-2-2 என்ற கணக்கில் 13 துடிப்புகள் ஆகும். 66 மெகாஹெர்ட்ஸ் பாட்டையில் ஒரு துடிப்பு ஏறத்தாழ 15 நானோநொடி. ஆக 90 நானோநொடிக்கு எதிராக 195 நானோநொடி. பக்கம் மாறினால் தாமதம் மேலும் கூடும்.

இத்தாமதம் எல்லாப் பயனரையும் ஒரே வகையில் தாக்கவில்லை. விண்டோஸ் 95, 98 ஆகிய இயங்குதளங்கள் நினைவகத்தை மேல்முகவரியிலிருந்து கீழ்நோக்கி ஒதுக்கும் போக்குடையவை என்பது அக்காலப் பயனரிடையே பரவலாக அறியப்பட்ட செய்தி. 64 மெகாபைட் கொண்ட கணினியில் மேலும் 32 மெகாபைட் சேர்க்கப்பட்டால், இயங்குதளம் முதலில் கைவைப்பது அந்தப் புதிய பகுதியில். புதிய பகுதியோ கேச் எல்லைக்கு வெளியே உள்ளது. முன்பு முழுவதும் கேச்சுக்குள் இயங்கிய அதே நிரல் இப்போது கேச்சுக்கு வெளியே இயங்குகிறது. நினைவகத்தைப் பெருக்கியபின் கணினி மந்தமானது என்ற முறையீடு உளமயக்கன்று. அதற்குத் தெளிவான காரணம் இருந்தது.

ஆயினும் ‘64 மெகாபைட்டுக்கு மேல் வாங்காதீர்’ என்று அந்நாளில் வழங்கப்பட்ட அறிவுரை பாதி உண்மையே. பயனரின் பணி 64 மெகாபைட்டுக்குள் அடங்குமானால் கூடுதல் நினைவகம் கேடே செய்யும். பணி அதற்குள் அடங்காமல், இயங்குதளம் வன்தட்டை மாற்று நினைவகமாகப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டால் கணக்கு தலைகீழாகும். வன்தட்டில் ஓர் இடத்தைத் தேடியடைய ஏறத்தாழ 10 மில்லிநொடி ஆகும். அது ஒரு கோடி நானோநொடி. கேச் இல்லாத நினைவகத்தின் 200 நானோநொடியோடு ஒப்பிட்டால் ஐம்பதாயிரம் மடங்கு. படத்தொகுப்பு, தரவுத்தளம் போன்ற பெரும்பணிகளில் ஈடுபட்டோருக்குக் கேச் செய்யப்படாத நினைவகமும் பெரும் பயன் தந்தது. எந்த நினைவகமும் அதற்கு மாற்றாக நிற்பதோடு ஒப்பிட்டே மதிப்பிடப்பட வேண்டியது.

இவ்வொப்பீட்டை உணர்ந்து அமைந்த தீர்வு ஒன்று லினக்ஸ் கருவகத்தில் உண்டு. ‘எஸ்எல்ரேம்’ என்னும் இயக்கி, கேச் எல்லைக்கு மேற்பட்ட நினைவகத்தைத் தனியே பிரித்து ஒரு சேமிப்புக் கருவிபோலக் காட்டும். கருவகம் தொடங்கும்போது 64 மெகாபைட் மட்டுமே உள்ளது என்று அதற்கு அறிவித்துவிட்டு, மேற்பகுதியை மாற்று நினைவகமாக இணைத்துக்கொள்ளலாம். நிரல்கள் எப்போதும் கேச் உள்ள பகுதியிலேயே இயங்கும். உடனடித் தேவையில்லாத பக்கங்கள் மட்டும் மெதுவான பகுதிக்குச் செல்லும். வன்தட்டுக்கும் விரைவான நினைவகத்துக்கும் இடையில் ஒரு புதிய படிநிலை இதனால் உருவாகிறது. வன்பொருளின் குறையை மென்பொருள் மறைக்க முயலாமல், அதற்கேற்ற வேலையை அதற்குக் கொடுத்தது இத்தீர்வின் சிறப்பு.

எல்லையை அளந்தறிதல்

பழைய கணினிகளைப் பாதுகாப்போரும் கணினி அமைப்பியல் ஆய்வகம் நடத்துவோரும் கேச் எல்லையை நேரடியாக அளந்தறியலாம். முதல் நிலைக் கேச்சைவிடப் பெரியதாகவும் இரண்டாம் நிலைக் கேச்சைவிடச் சிறியதாகவும் உள்ள ஒரு தரவுக் கட்டு, எடுத்துக்காட்டாக 64 கிலோபைட், தேர்ந்துகொள்ளப்படுகிறது. அக்கட்டு 32ஆம் மெகாபைட்டில் வைக்கப்பட்டு மீண்டும் மீண்டும் படிக்கப்படும்; ஆகும் நேரம் குறிக்கப்படும். பின் அதே கட்டு 80ஆம் மெகாபைட்டில் வைக்கப்பட்டு அவ்வாறே படிக்கப்படும். எல்லை 64 மெகாபைட்டானால் இரண்டாவது நேரம் வெளிப்படையாகக் கூடியிருக்கும். இடையிலுள்ள முகவரிகளில் மெகாபைட் மெகாபைட்டாக நகர்ந்து சென்றால் நேரம் தாவும் இடமே எல்லை.

இதில் எச்சரிக்கை ஒன்று தேவை. விண்டோஸ், லினக்ஸ் ஆகியவற்றில் இயங்கும் சாதாரண நிரல் காண்பது மெய்நிகர் முகவரியையே. அது நினைவகச் சில்லில் எவ்விடத்தைச் சுட்டுகிறது என்று நிரலுக்குத் தெரியாது. பக்கமாற்றம் இல்லாத டாஸ் சூழலில், பாதுகாப்புப் பாங்கில் இயங்கும் நிரலால்தான் இவ்வளவீடு பொருள்படும். இதைக் கருதாமல் எடுக்கப்படும் அளவுகள் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறி, ஆய்வாளரைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும்.

செயலிக்குள் புகுந்த எல்லை

பென்டியம் புரோ 1995இன் இறுதியில் வெளிவந்தபோது இரண்டாம் நிலைக் கேச் தாய்ப்பலகையை விட்டுச் செயலியின் உறைக்குள் புகுந்தது. அதன் முகவரி 36 பிட் நீளமுடையது. சுட்டக்கூடிய நினைவகம் 64 கிகாபைட். அது முழுவதையும் கேச் செய்ய இயன்றது. கேச்சை ஆளும் பொறுப்பு சில்லுத் தொகுதியிடமிருந்து செயலிக்கு மாறியதால், எல்லையை வகுக்கும் அதிகாரமும் உடன் மாறியது.

இனி எல்லை என்பதே இராது என்று கருதியிருப்பின், 1997இல் வந்த பென்டியம் 2 அக்கருத்தைப் பொய்யாக்கியது. செலவைக் குறைக்க அதன் 512 கிலோபைட் கேச் தனிச் சில்லுகளாக ஒரு பொதியுறைக்குள் வைக்கப்பட்டது. குறிக்கும் தனிச் சில்லு. முதற்பதிப்புகளின் கேச் எல்லை 512 மெகாபைட். அக்கேச் நான்கு வழிப் பொருத்தமுடையது. எனவே இருப்பிடம் சுட்ட 17 பிட்டுகளும், 512 மெகாபைட்டைத் தழுவக் குறிக்கு 12 பிட்டுகளும் தேவை. அதே செயலிக்கான 440எஃப்எக்ஸ் சில்லுத் தொகுதி 1 கிகாபைட் வரை நினைவகம் ஏற்றது. ஏற்கும் அளவுக்கும் கேச் எல்லைக்கும் இடையில் மீண்டும் அதே இடைவெளி. பிற்பதிப்புகளில் குறிச் சில்லு மாற்றப்பட்டு எல்லை 4 கிகாபைட்டாக உயர்ந்தது. தனிச் சில்லு உள்ள இடத்தில் சிக்கனம் நுழைகிறது, சிக்கனம் நுழைந்த இடத்தில் எல்லை தோன்றுகிறது என்பது இவ்விரு தலைமுறைகளுக்கும் பொதுவான போக்காகத் தெரிகிறது.

பழைய தாய்ப்பலகைகளுக்கு விடுதலை எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. ஏஎம்டி நிறுவனம் 1999இல் வெளியிட்ட கே6-3 செயலி 256 கிலோபைட் இரண்டாம் நிலைக் கேச்சைத் தன் சில்லிலேயே கொண்டிருந்தது; அது செயலியின் முழுவேகத்தில் இயங்கியது. தாய்ப்பலகைக் கேச் மூன்றாம் நிலைக்குத் தள்ளப்பட்டது. அதன் எல்லை நீங்கவில்லை. ஆனால் பெரும்பாலான தேடல்கள் செயலிக்குள்ளேயே நிறைவேறியதால் அவ்வெல்லையின் பாதிப்பு பெரிதும் தணிந்தது.

கம்பியிலிருந்து பட்டியலுக்கு

இன்றைய செயலிகளில் எல்லாக் கேச் நிலைகளும் செயலிக்குள் உள்ளன. குறிகளும் செயலி ஏற்கும் முகவரி நீளத்துக்கு இணையாக அமைக்கப்படுகின்றன. வன்பொருளால் வகுக்கப்பட்ட கேச் எல்லை இவ்வாறு மறைந்தது. ஆனால் எந்த முகவரியைக் கேச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்று செயலிக்குச் சொல்லவேண்டிய தேவை மறையவில்லை. கருவிகளோடு பேசும் முகவரிகளைக் கேச் செய்தால் பழைய மதிப்பே மீண்டும் மீண்டும் படிக்கப்படும். இதற்காகப் பென்டியம் புரோவில் நினைவக வகைப் பதிவேடுகள் அறிமுகமாயின. ஒவ்வொரு பதிவேடும் ஒரு முகவரிப் பரப்பையும் அதன் வகையையும் குறிக்கும். அவற்றை நிரப்புவது கணினி தொடங்கும்போது இயங்கும் நிலைப்பொருளின் கடமை.

இப்பதிவேடுகளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒவ்வொன்றும் குறிக்கும் பரப்பு இரண்டின் அடுக்காக இருக்கவேண்டும். 4 கிகாபைட் நினைவகம் கொண்ட கணினியில், கருவிகளுக்கு இடம்விட 512 மெகாபைட் 4 கிகாபைட்டுக்கு மேலே நகர்த்தப்படுவதாகக் கொள்வோம். கீழுள்ள மூன்றரை கிகாபைட்டைக் குறிக்க 2 கிகாபைட், 1 கிகாபைட், 512 மெகாபைட் என மூன்று பதிவேடுகளும், மேலே நகர்ந்ததற்கு இன்னொன்றும் வேண்டும். வரைகலைக்கு ஒரு சிறு பகுதி ஒதுக்கப்பட்டால் பரப்பு மேலும் சிதறும். வேண்டிய பதிவேடுகளும் கூடும். 4 கிகாபைட் நினைவகம் பரவத் தொடங்கிய காலத்தில், நிலைப்பொருள் சில கணினிகளில் இக்கணக்கைத் தவறவிட்டது. நினைவகத்தின் உச்சியில் ஒரு பகுதி எந்தப் பதிவேட்டிலும் சேராமல் விடுபட்டது. விடுபட்ட பகுதி கேச் செய்யப்படாத வகையாகவே கொள்ளப்படும். இம்முறை இழப்பு இரண்டாம் நிலைக் கேச்சோடு நிற்கவில்லை. எல்லா நிலைகளும் ஒருசேர விலகிக்கொண்டன. கணினி அளவுமீறி மந்தமாயிற்று. நினைவகத்தில் சிறிது கழற்றினால் வேகம் மீண்டது.

லினக்ஸ் கருவகம் 2008 முதல் இதற்கு ஒரு கடுமையான தீர்வைக் கையாள்கிறது. தொடங்கும்போதே பதிவேடுகளைச் சரிபார்த்து, அவற்றில் சேராத நினைவகத்தைத் தன் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறது; நிலைப்பொருளின் பிழையால் இத்தனை மெகாபைட் இழக்கப்படுகிறது என்ற எச்சரிக்கையையும் பதிவுசெய்கிறது. எஸ்எல்ரேம் இயக்கி மெதுவான நினைவகத்துக்கு ஒரு வேலை கொடுத்தது. இங்கே அது முற்றிலும் விலக்கப்படுகிறது. நினைவகம் அரிதாக இருந்த காலத்தில் மெதுவான 32 மெகாபைட்டும் காக்கத்தக்கதாயிருந்தது. பதிவேட்டுப் பிழையில் விடுபடுவதோ மொத்த நினைவகத்தில் சிறு பங்கு. அதனைக் காக்க முயன்று கணினி முழுவதன் வேகத்தையும் இழக்கக் கருவகத்தை எழுதியோர் உடன்படவில்லை.